நரம்பு கிடைத்த பிறகு

“நரம்பு கிடைக்கலை, வேற கையைக் காட்டுங்க” என்று செவிலியர் சொன்னால் நம் ஊரில் யாரும் நரம்பியல் நிபுணரைத் தேடி ஓடுவதில்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயைப் பாடநூல் சிரை என்கிறது. உணர்ச்சியைக் கொண்டுபோகும் இழையை நரம்பு என்கிறது. பேச்சுத் தமிழோ இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்துவிட்டது. சிரையில் போட்டால் நரம்பு ஊசி, தசையில் போட்டால் இடுப்பு ஊசி. வார்டுக்குள் போய்ச் “சிரை” என்றால் யாருக்கு மொட்டை என்று கேட்பார்கள். அதுவும் திருத்தணியில் நிச்சயம் கேட்பார்கள். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க நானும் நரம்பு என்றே எழுதுகிறேன்.

ஆடிக் கிருத்திகையிலிருந்து தொடங்கலாம். திருத்தணி மலைக்கு 365 படிகள், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களை வானிலைச் செய்தியில் வாசிக்கும்போது அடிக்கடி காதில் விழும் பெயர் திருத்தணி. அந்த ஊரில், விரதமிருந்த வயிற்றோடு, தோளில் காவடியோடு ஏறுகிறவர்களில் சிலர் பாதி வழியில் கண் இருண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கூட வந்தவர் மருத்துவ முகாமில் கேட்கும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: “சிஸ்டர், ஒரு பாட்டில் ஏத்திடுங்க, தெம்பா இருக்கும்.”

அந்தத் தெம்பைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு தேக்கரண்டி. உடலுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 100 கலோரி. மலையில் தொன்னையில் வாங்கும் சர்க்கரைப் பொங்கலில் இதைவிட அதிகம் உண்டு, ஊசிக் குத்தும் கிடையாது. தெளிவாகப் பேசுகிற, வாந்தி இல்லாத, விழுங்க முடிகிற ஒருவருக்கு உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த நீரே போதும். 1971-ல் வங்கதேசப் போரின்போது பனகாவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு அந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. நரம்பைத் தேடுவதற்கு முன் வாயைத் தேட வேண்டும் என்பதை மருத்துவ உலகம் அங்கேதான் படித்துக்கொண்டது.

ஆனாலும் வாய் உதவாத நேரங்கள் உண்டு. சென்னை–திருப்பதி சாலையில் அடிபட்டு ரத்தம் வடியக் கொண்டுவரப்படுகிறவர், வலிப்போடு வரும் கர்ப்பிணி, நினைவில்லாத முதியவர். இவர்களுக்கு நரம்பு கிடைத்தே ஆக வேண்டும். கிடைத்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு ஸ்காட்லாந்துக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

1832, எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகம். காலரா. நோயாளிகளின் ரத்தத்தில் நீரும் உப்பும் வற்றிப்போயிருக்கின்றன, அவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வில்லியம் ஓஷாக்னசி என்ற இளைஞர் ஏற்கெனவே எழுதியிருந்தார். (இவர் அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தார். நம் நாட்டில் தந்திக் கம்பி இழுத்தவர் என்று வரலாற்றில் நிற்பவரும் இவரே; ஓர் ஆளுக்கு இத்தனை வாழ்க்கை!) அதைச் செய்து பார்த்தவர் தாமஸ் லட்டா என்ற மருத்துவர். எல்லாம் கைவிட்டுப்போன ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். குழிவிழுந்த கண்கள் மேலே வந்தன, நாடி திரும்பியது, மூதாட்டி பேசினார். லட்டா மிகுந்த மகிழ்ச்சியோடு அவரை மருத்துவமனை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். போன கொஞ்ச நேரத்தில் வாந்தியும் பேதியும் திரும்பத் தொடங்கின. ஏற்றிய நீர் முழுக்க வெளியேறிக்கொண்டிருந்தது. லட்டாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார்.

நரம்புவழி சிகிச்சையின் தொடக்ககாலக் குறிப்பிலேயே எல்லாம் இருக்கிறது. மருந்து சரி, வழி சரி, அறிவியலும் சரி. ஏற்றி முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, “மறுபடி போகுது, வாங்க” என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த ஆளுக்குத்தான் பின்னாளில் செவிலியர் என்று பெயர் வந்தது என்பது என் கட்சி. ஊசியைக் கையில் கொடுக்கவே மருத்துவர்கள் நூறாண்டு யோசித்தார்கள். நரம்பில் திரவம் ஏற்றுவதையே தனிப் பணியாகச் செய்யும் முதல் செவிலியராக ஏடா பிளூமர், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நியமிக்கப்பட்டது 1940-ல்தான்.

இனி கருவிக்கு வருவோம். நரம்பில் செருகி ஒட்டும் பிளாஸ்டிக் குழலை நம் வார்டுகளில் வென்ஃப்ளான் என்பார்கள். ஒரு கம்பெனி வைத்த வணிகப் பெயர் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது, ஜெராக்ஸ் மாதிரி. அதன் மூடியின் நிறம் அளவைச் சொல்லும். குழந்தைக்கு மஞ்சள், மெல்லிய நரம்புக்கு நீலம், பெரியவர்களுக்குப் பிங்க், ரத்தம் ஏற்றவும் விபத்துக்கும் பச்சை. நிமிடத்துக்கு நீலத்தில் சுமார் 36 மில்லி போகும். பிங்க்கில் 60, பச்சையில் 90. பார்வைக்கு நூலளவு வித்தியாசம், ஓட்டத்தில் இவ்வளவு. காரணம் 1840-களில் பிரெஞ்சுக்காரர் புவாசய் கண்ட விதி: குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. நீளம் கூடினால் குறையும். அதனால்தான் அடிபட்டு வருகிறவருக்குக் கட்டையான, பருத்த குழலைத் தேடுகிறார்கள்.

ஆனால் மற்ற நேரங்களில் வேகம் எமன். ஓட்டத்தைக் கட்டுப்படுத்த மின்கருவிகள் உண்டு என்றாலும், நம் தாலுகா மருத்துவமனைகளில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது குழாயில் இருக்கும் சிறு சக்கரமும் ஒரு கைக்கடிகாரமும்தான். அரை லிட்டரை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் மொத்தம் 10,000 சொட்டு. 240 நிமிடத்தில் வகுத்தால் நிமிடத்துக்கு 42. செவிலியர் 10 நொடிக்கு 7 சொட்டு என்று வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருகுவார். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. அதே கணக்கு அங்கே நிமிடத்துக்கு 125 ஆகிவிடும். செட்டின் உறையைப் படிக்காமல் பழக்கத்தில் எண்ணினால் மூன்று மடங்கு பிழை, ஒரே ஒரு கண்சிமிட்டலில்.

கணக்குச் சரியாக இருந்தாலும் பூமி விடாது. சொட்டை இழுப்பது ஈர்ப்புவிசை. நோயாளி எழுந்து உட்கார்ந்தால் வேகம் மாறும், கையை மடக்கினால் நிற்கும். இதற்கெல்லாம் மேலே அட்டெண்டர் என்று ஓர் இயற்கைச் சக்தி இருக்கிறது. பொதட்டூர்பேட்டைக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலையில், சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிடும் மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதயம் பலவீனமான ஒருவருக்கு அந்த அரை லிட்டர் அரை மணியில் உள்ளே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இன்னொரு பழக்கம், கெட்டியான பாட்டிலில் சொட்டு நின்றால் அதன் தலையில் ஓர் ஊசியைக் குத்திக் காற்றுவழி உண்டாக்குவது. சொட்டு விழும், உண்மைதான். கூடவே வார்டின் காற்றும் அதிலுள்ள கிருமிகளும் நேராக ரத்தத்துக்குப் போகப் பாதை கிடைக்கும். வடிகட்டியுள்ள காற்றுத்துளை செட்டிலேயே இருந்தால் அதன் மூடியைத் திறந்தால் போதும். பலர் அதைத் திறப்பதே இல்லை.

உலகம் முழுக்கச் செவிலியர் பள்ளிகளில் ஐந்து ‘சரி’கள் சொல்லிக்கொடுப்பார்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். சில இடங்களில் இந்தப் பட்டியல் பத்தாக வளர்ந்துவிட்டது. எனக்கு இந்தப் பட்டியல்மேல் ஒரு குறை உண்டு. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிறது, எப்படிப் போவது என்று சொல்வதில்லை. முதல் ‘சரி’யையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை. ஆகவே சுற்றுவட்டாரத்தில் தணிகைவேல், தணிகாசலம், தணிகைமலை, சுப்பிரமணி, முருகன், வள்ளி. தெலுங்கு வீடுகளில் சுப்ரமண்யம். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆண்கள் வார்டில் ஒரே இரவில் இரண்டு தணிகைவேல் படுத்திருப்பது அந்த ஊரில் அதிசயமே இல்லை. ஒருவர் வி. தணிகைவேல், மற்றவர் எம். தணிகைவேல், தலைப்பெழுத்தைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருக்கும் ஒருவரைத் தட்டி “தணிகைவேல்தானே?” என்று கேட்டால் “ம்” என்பார். காய்ச்சல்காரரிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் “ம்”தான். கேள்வியையே திருப்பிப் போட வேண்டும்: “உங்க பேர் என்னங்கய்யா? அப்பா பேர்?” பதிலை அவர் வாயிலிருந்து வாங்கி, கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயரோடும் எண்ணோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். கட்டில் எண் கணக்கில் சேராது. காற்றாடிக்குக் கீழே இருக்கும் கட்டிலுக்கு நோயாளிகள் தாங்களாகவே மாறிப் படுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது ‘சரி’க்கு இந்தியச் சட்டப் புத்தகத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1993 டிசம்பரில் டெல்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் டைஃபாய்டு காய்ச்சலோடு ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். மருத்துவர் சொன்ன மருந்து குளோரோமைசிட்டின். சிறுவனின் தந்தையிடம் வாங்கிவரச் சொல்லப்பட்டது லாரியாகோ. அது மலேரியாவுக்கான குளோரோகுயின். குளோரோ என்று தொடங்கும் இரண்டு பெயர்கள். ஒன்று கிருமியைக் கொல்வது, மற்றது நரம்பில் சட்டென்று போனால் இதயத்தை நிறுத்த வல்லது. மருந்தை மருத்துவரே போட வேண்டும் என்று மூத்த மருத்துவர் சொல்லியிருந்தார். வார்டு மருத்துவர் அதைச் செவிலியரிடம் விட்டார். ஊசி போட்டவுடன் தாயின் மடியிலேயே சிறுவன் சரிந்தான். உயிர் தப்பியது, மூளை திரும்பவில்லை. ஊசி போட்டவர் எந்த மாநிலச் செவிலியர் மன்றத்திலும் பதிவு பெறாதவர் என்பது விசாரணையில் தெரிந்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம் சிறுவனுக்கு 12.5 லட்ச ரூபாயும் பெற்றோருக்குத் தனியாக 5 லட்ச ரூபாயும் இழப்பீடாக உறுதிசெய்தது.

அந்த ஊசி எத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சொன்னவர், எழுதியவர், கேட்டவர், கடைக்காரர், தந்தை, செலுத்தியவர். எந்தக் கையிலும் அது ஒரு கணம் நிற்கவில்லை. டைஃபாய்டுக்கு எதற்கு மலேரியா மருந்து என்று கேட்கத் தெரிவதற்குப் பெயர்தான் படிப்பு. திருத்தணிக்கு மேற்கே வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946-ல் அங்கே அது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே ஆனது. ஊசி குத்தக் கற்க ஒரு வாரம் போதும். நான்காண்டு படிப்பது குத்தாமல் நிற்க வேண்டிய இடத்தை அறிய.

அப்படி நிற்க வேண்டிய மருந்துகளில் முதலாவது பொட்டாசியம் குளோரைடு. பத்து மில்லி கண்ணாடிக் குப்பி, தண்ணீர் போலத் தெளிவு. அதற்குள் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். நம் உடலில் பொட்டாசியம் கிட்டத்தட்ட முழுவதும் செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே ரத்தத்தில் லிட்டருக்கு 4 அளவே. பெரியவர் ஒருவரின் மூன்று லிட்டர் பிளாஸ்மா முழுவதிலும் சேர்த்தால் 12. அதாவது அந்தச் சின்னக் குப்பியில் இருப்பது, ரத்தநீர் முழுவதிலும் இருப்பதைவிட அதிகம். இதயத் தசை சுருங்குவதும் விரிவதும் செல்லின் உள்ளேயும் வெளியேயும் இருக்கும் பொட்டாசியத்தின் ஏற்றத்தாழ்வை நம்பித்தான். நேராக நரம்பில் தள்ளினால் அந்த ஏற்றத்தாழ்வு சரிந்து இதயம் நின்றுபோகும். ஆகவே எப்போதும் பாட்டிலில் கலந்து, மணிக்கு 10-ஐத் தாண்டாமல் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் குப்பியை ஊற்றினால், சலைனைவிடக் கனமான அந்தக் கரைசல் அடியில் போய்த் தங்கும். வெளியேறும் வழியும் அடியில்தான். முதலில் வரும் சொட்டுகள் கிட்டத்தட்ட முழுப் பொட்டாசியம். பாட்டிலைக் கழற்றித் தலைகீழாகப் பலமுறை புரட்டிய பிறகே மாட்ட வேண்டும். ஓட்டல் டீயில் சர்க்கரை அடியில் கிடப்பதைப் பார்த்த எவருக்கும் இந்தப் பௌதிகம் புரியும்.

இன்சுலினில் இருப்பது வேறு வகைக் குழி, பெரும்பாலும் நம் நாடே வெட்டிக்கொண்ட குழி. பல நாடுகள் மில்லிக்கு 100 யூனிட் என்ற ஒரே அளவுக்கு மாறிவிட்டன. இங்கே மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் கடையில் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. குழல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நிறத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

இத்தனையும் சரியாக நடந்து மருந்து ஓடத் தொடங்கிய பிறகு, நரம்பிலிருந்து குழல் நழுவிவிட்டால்? மருந்து சதைக்குள் கசியும். இதை முதலில் அறிபவர் நோயாளி; அவர் சொல்வது நமக்குப் புரிய வேண்டும். 1960-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் திருத்தணி. எத்தனையோ வீடுகளில் இன்றும் அடுப்படி மொழி தெலுங்கு. தென்மாவட்டத்திலிருந்து புதிதாகப் பணிக்கு வந்த செவிலியரிடம் ஒரு பாட்டி “மண்டுதோந்தி” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெலுங்கில் “மந்து” என்றால் மருந்து என்பதை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர், பாட்டி மருந்தைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று நினைத்து “ஏறிட்டிருக்கு பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும். பாட்டி சொன்னது “எரியுது”. “ந்த”வும் “ண்ட”வும்தான் வித்தியாசம். ஏறிக்கொண்டிருப்பது வலிப்புக்கான எப்டாயின் என்றால் அந்த எரிச்சல் சாதாரணமில்லை. சோப்புத் தண்ணீரைவிடக் கடுமையான காரத்தில் கரைத்து வைத்த மருந்து அது. காரம் குறைந்தால் கரைசலில் நிற்காது. குளுக்கோஸில் கலந்தால் திரிந்துவிடும் என்பதால்தான் சலைனில் மட்டும் கொடுக்கிறார்கள். சதையில் கசிந்தால் தோலை வேகவைத்துவிடும். மண்ட, நொப்பி, வாப்பு: எரிச்சல், வலி, வீக்கம். திருத்தணி வார்டுச் சுவரில் இந்த மூன்று தெலுங்குச் சொற்களையும் எழுதிவைத்தால், விலை உயர்ந்த சில கருவிகளைவிட அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒரு மருந்து. பிரசவ வார்டுக்காரர்கள் மேக்சல்ஃப் என்று சுருக்கிச் சொல்லும் மெக்னீசியம் சல்ஃபேட். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது நெடுங்காலம் தாய்மார்களைக் கொன்ற நோய். சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய எம்.கே. கிருஷ்ண மேனன் மூன்று மயக்க மருந்துகளைக் கலந்து உருவாக்கிய முறையை 1961-ல் வெளியிட்டார். மேனன் முறை என்று அது பல நாடுகளுக்குப் போனது. 1995-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு வேறொன்றைக் காட்டியது: மெக்னீசியம் கொடுத்தவர்களுக்கு வலிப்பு திரும்ப வருவது, டயசிபாம் கொடுத்தவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. இன்று எழும்பூரிலும் மேக்சல்ஃப்தான்.

முதல் டோஸ் 14 கிராம். ஒரு குப்பியில் 1 கிராம் என்பதால் 14 குப்பிகளை உடைக்க வேண்டும். வேறு எந்த மருந்துக்காவது ஒரே ஆளுக்குப் பதினான்கு குப்பி உடைத்தால் எங்கோ பிழை என்று கை நிற்க வேண்டும்; இங்கே அதுதான் சரி. நான்கு கிராமை நீர்க்கவைத்து நரம்பில் மெதுவாக, மீதியை இரண்டு இடுப்பிலும் பாதிப் பாதி. பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். வலிப்பை அடக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் அளவைப் பார்க்கப் பல இடங்களில் ஆய்வக வசதி இல்லை. ஆனால் உடல் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை தருகிறது: மூச்சு நிற்பதற்கு வெகு முன்பே முழங்கால் உதறல் நின்றுபோகும். மெக்னீசியம் வெளியேறுவது சிறுநீர் வழியாக மட்டுமே என்பதால் அதையும் அளக்க வேண்டும்.

ஒரு பிரசவ வார்டில் விடியற்காலை நான்கு மணி. அடுத்த டோஸுக்கான ஐந்து குப்பிகளும் உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றியாயிற்று. செவிலியர் சிரிஞ்சை டிரேயில் வைத்துவிட்டு, முதலில் கட்டிலில் இருக்கும் பெண்ணின் மூச்சை எண்ணுகிறார்: நிமிடத்துக்கு 14. பதினாறாவது இருக்க வேண்டும். சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்க்கிறார். நான்கு மணி நேரத்தில் 60 மில்லி. நூறு இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, சிறு சுத்தியலால் தட்டுகிறார். கால் அசையவில்லை. இன்னொரு முறை தட்டுகிறார். பிறகு மற்றக் காலில். டிரேயைத் தள்ளி வைத்துவிட்டு, முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் குப்பியை எடுத்து வைத்தபடியே டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறார். கேஸ் ஷீட்டில் நான்கு மணிக்கு நேரே மருந்தின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.